பூட்டின டிஸ்க்கும் மாரியாயியின் படமும்

கொம்பியூட்டர் ரிப்பேர் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: பெட்டி ஓடினால் நம்மை ஒருத்தருக்கும் ஞாபகம் வராது, ஓடாவிட்டால் அதைக் கெடுத்ததே நாம்தான்.

ஹட்டன் டவுனில் ஒரு சின்னக் கடையில் இந்தச் சாபத்தை நான் வருஷக்கணக்காக அனுபவித்தேன். கடை யாழ்ப்பாணத்துச் சிவபாலன் அண்ணையுடையது. கழற்றிப் பூட்டுகிற வேலை என்னுடையது. ஆனாலும் உள்ளே வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "பாஸ் இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். அண்ணை கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "பாஸ் அவதான்" என்று கையைக் காட்டுவார். அப்புறமும் அவரிடமே பேசுவார்கள். பெண்ணாய்ப் பிறந்து ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவர்களுக்கு இது புதுசில்லை, விடுங்கள். நான் சொல்ல வந்தது டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற கூத்தைப் பற்றி. இதே தொழிலில் மாரடிக்கிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய் அழுவது?

ஆசாரி திறப்பாரா?

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில தேயிலைத் தோட்டக் கம்பெனிகளின் கொழும்பு ஒபிஸ்களுக்குத் திடீரென்று ஒரு பயம் பிடித்தது. தோட்டம் நடத்துகிற எந்தத் தொரையோ ரயிலில் லெப்டொப்பை விட்டுவிட்டு இறங்கிவிட்டாராம். உடனே எல்லாத் தொரைமாரின் லெப்டொப்பிலும் டிஸ்க்கை முழுசாகப் பூட்டிவிட்டார்கள். பெட்டியைப் போட்டால் விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே ஒரு கறுப்புத் திரை வந்து பாஸ்வேர்ட் கேட்கும். சரியாகச் சொன்னால் வழி விடும். மூன்று தரம் பிழையாகச் சொன்னால் ஒரு மணித்தியாலத்துக்கு வாயே திறக்காது.

முதல் முதலாக அப்படி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெக்டரி ஒபிஸர் ஒருவர். பாஸ்வேர்ட் மறந்துவிட்டதாம். "ஒடச்சிருங்க மிஸ், பூட்டுதானே" என்றார். முடியாது என்றேன். நம்பவில்லை. இரும்புப் பெட்டியையே திறக்கிற ஆசாரி ஒருவர் ஊரில் இருக்கிறாராம், அவரிடம் கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். எனக்கே அது அப்போது அரைகுறையாகத்தான் விளங்கியிருந்தது. இருந்தாலும் தெரிந்த மாதிரி, "உள்ள இருக்கிறதெல்லாம் அரைச்சுத் தூளாக்கின மாதிரிங்க. பாஸ்வேர்ட் போட்டாத்தான் தூள் மறுபடி கொழுந்தாகும்" என்று அளந்துவிட்டேன். மனுஷன் லெப்டொப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அப்ப திருடனுக்கும் நமக்கும் ஒரே கஷ்டந்தானா மிஸ்?"

வாட்டி எடுத்த லெப்டொப்

அதற்குக் கொஞ்ச காலத்தில்தான் அருளானந்தம் வந்தார். வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்து ஒபிஸில் பெரிய கிளாக்கர். கையில் சாக்குப் பை. பைக்குள் லெப்டொப். அவர்கள் தோட்டத்தில் பெரிய தொரைக்கு அடுத்தவரான சின்னத்தொரையுடையது. பங்களாக் கூரை ஒழுகி, ஒரு மழை முழுவதும் இதன் மேலேயே இறங்கியிருக்கிறது.

திறந்தேன். கீபோர்டுக்குள் இருந்து பச்சைத் தேயிலை வாசம் குப்பென்று அடித்தது. எழுத்துக்களுக்கு நடுவில் நிஜமாகவே கொழுந்துத் துணுக்குகள். "இது என்னங்க?" என்று கேட்டேன். காய வைத்தார்களாம். வெயில் காணாத மாசம், அடுப்பில் வைத்தால் உருகிவிடும், அதனால் பெக்டரி மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில், கொழுந்தோடு கொழுந்தாக, சுடுகாற்றில் ஒரு ராத்திரி முழுக்கப் போட்டு வைத்திருந்தார்களாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் பாருங்கள், மெமரியைக் கழற்றி அதன் பித்தளை நிறப் பல்லை அழிரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினேன், பெட்டி உயிர் பிடித்துக்கொண்டது! பெற்றரி மட்டும் செத்துவிட்டது, சுவர் கரண்டில்தான் ஓடும். கறுப்புத் திரை வந்து பாஸ்வேர்ட் கேட்டது. தோட்டத்துக்காரர்களின் வைத்தியத்தைப் பற்றி நான் ஏதோ கிண்டலாகச் சொல்லப் போக, கிளாக்கருக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாட்டம் சரியாத்தான் இருந்துச்சு மிஸ். டீமேக்கர் கையால தொட்டுப் பாத்துத்தான் எறக்கினாரு."

கரண்டி வந்தது, பாஸ்வேர்ட் வரவில்லை

சரி, பாஸ்வேர்ட் என்ன? கிளாக்கருக்குத் தெரியாது. இதைப் பாவித்த சின்னத்தொரை மாற்றலாகி, தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்திருக்கிற புதுச் சின்னத்தொரையைக் கேட்கச் சொன்னார் கிளாக்கர். போன் எடுத்தேன்.

தோட்டத்தில் ஒரு தொரை போய் இன்னொரு தொரை வந்தால் பங்களாவைக் கையளிப்பது ஒரு திருவிழா. கட்டில், கதிரை, திரைச்சீலை, முட்டை அவிக்கிற சட்டி, சாப்பாட்டுக் கரண்டி என்று ஒவ்வொன்றாக எண்ணி, இரண்டு பேரும் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பங்களாவில் குதிரைச் சேணம்கூட இருந்ததாம். குதிரையை அங்கே உயிரோடு இருக்கிற யாரும் பார்த்ததில்லை. அத்தனைக்கும் நடுவில் "லெப்டொப் ஒன்று, பை ஒன்று" என்று அதையும் எண்ணி வாங்கியிருக்கிறார்கள். பை எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். பாஸ்வேர்டை ஒருத்தரும் கேட்கவில்லை. புதுச் சின்னத்தொரை நல்ல பிள்ளை. சிங்களத்தில் ஆரம்பித்து, என் பெயரைக் கேட்டதும் தோட்டத்துத் தமிழுக்கு மாறி, மனம் நொந்து சொன்னார்:

"ஐயோ மிஸ், கரண்டில ஒண்ணு கொறையுதுன்னு நா ரெண்டு நாள் சண்ட புடிச்சேன், பாஸ்வேர்ட் ஞாபகமே வரல."

செல்வமணி

கொழும்பு ஒபிஸ் ஒரு வழி சொன்னது. ரிப்போர்ட்டுகளின் பிரதி எல்லாம் அங்கே இருக்கிறதாம். டிஸ்க்கை அழித்து, புதுசாக விண்டோஸ் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் தோட்டத்துக்கு அனுப்பினால் போதுமாம். இதைவிட லேசான வேலை உண்டா? நான் சீடியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பஸ்ஸில் கசங்கிய சேலை, கையில் செருப்பு. "வட்டகொடையிலருந்து ஒரு பொட்டி வந்துச்சாமே, சின்னத்தொரையோடது?" என்று கேட்டாள். தோட்டத்தில் ஒரு பொருள் எங்கே போனது என்று அறிய யாரும் போலீசுக்குப் போக வேண்டியதில்லை.

பெயர் செல்வமணி. அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். அம்மா மாரியாயி நெஞ்சு வலி வந்து அந்த வாரம்தான் போய்ச் சேர்ந்திருந்தார். பதினாறாம் நாள் கருமாதிக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் இல்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெரிசாக்கக் கொடுத்தால், ஸ்டூடியோக்காரர் பனிக்குள்ள யாரோ நிக்கிற மாதிரி இருக்கு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அதற்கு முந்தின வருஷம் எல்லாரையும்விடக் கூடக் கொழுந்தெடுத்ததுக்காக மாரியாயிக்கு ஒரு பிளாஸ்க் பரிசு கிடைத்திருக்கிறது. பெரிய தொரை கொடுக்க, அப்போதிருந்த சின்னத்தொரை தன் கமெராவில் படம் எடுத்து இந்த லெப்டொப்பில் போட்டு வைத்திருக்கிறார். அந்த அம்மாவுக்கு அவர் வாழ்க்கையில் ஒழுங்காக எடுத்த ஒரே படம் அதுதான்.

நான் சீடியை மெதுவாகக் கீழே வைத்தேன். ஒரு நிமிஷம் அவள் பிந்தியிருந்தால் நானே அழித்திருப்பேன். படம் எப்படி இருக்கும், நீங்க பாத்தீங்களா என்று கேட்டேன்.

"சின்னத்தொர வந்து பாருன்னுதான் சொன்னாரு மிஸ். அன்னைக்குன்னு பாத்து கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டுட்டாங்க."

காலி டிஸ்க்

அன்றிலிருந்து எனக்கு அந்த லெப்டொப் லெப்டொப்பாகத் தெரியவில்லை, உள்ளே ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருந்தது. தெரிந்த வித்தை எல்லாம் காட்டினேன். டிஸ்க்கைக் கழற்றிக் கடையில் இருந்த பெரிய கொம்பியூட்டரில் மாட்டினேன். சாதாரணப் பெட்டியாக இருந்தால் அந்த வழியால் எல்லாவற்றையும் அள்ளிவிடலாம். இது பூட்டின டிஸ்க். கொம்பியூட்டர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இதற்குள் ஒன்றும் இல்லை, இன்னும் ஃபோமட் செய்யப்படவில்லை, செய்யட்டுமா என்று பவ்வியமாகக் கேட்டது.

நான் தேத்தண்ணி போடப் பின்னால் போயிருந்தேன். திரும்பி வந்தால் சிவபாலன் அண்ணை அந்தக் கேள்விக்கு நேரே உட்கார்ந்து, "யெஸ்" என்கிற பட்டனுக்கு மேலே மவுசைக் கொண்டுபோய்விட்டார். "அண்ணை, வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தேத்தண்ணி என் கையிலேயே கொட்டிவிட்டது. அண்ணைக்கு என்ன நடந்ததென்றே விளங்கவில்லை. ஒரு மனுஷி செத்துப்போனதையும், ஒரு பிளாஸ்க்கையும், காலியாகத் தெரிகிற டிஸ்க் காலி இல்லை என்பதையும் ஒன்றாகச் சொன்னால் யாருக்குத்தான் விளங்கும்? மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது:

"பிள்ளை, கொழும்பான் அழிக்கச் சொல்லுறான், மெசினும் அழிக்கட்டோ எண்டு கேக்குது. நீர் ஒராள்தான் வேண்டாம் எண்டு நிக்கிறீர்."

சாவி பத்திரமாக இருக்கிறது

இப்படிப் பூட்டுகிற மென்பொருளுக்கெல்லாம் ஆபத்துக்கு ஒரு மாற்றுச் சாவி உண்டு. நீளமாக ஒரு இலக்கம். பாஸ்வேர்ட் தொலைந்தால் அதைப் போட்டுத் திறக்கலாம். அது கொழும்பில் இருக்க வேண்டும் என்று நினைத்து அங்கே கொம்பியூட்டர் பகுதிக்குப் போன் எடுத்தேன். ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் மற்றவரிடம் கொடுத்தார், கடைசியில் வந்தவர், "உங்ககிட்ட இல்லையா?" என்று என்னைக் கேட்டார். நான் ஹட்டனில் கடையில் இருக்கிறவள், என்னிடம் எப்படி இருக்கும்?

கடைசியில் விஷயம் வெளியே வந்தது. மாற்றுச் சாவியை ஒவ்வொரு உத்தியோகத்தரும் தானே பாதுகாப்பான இடத்தில் சேமித்து வைக்க வேண்டும் என்பது கொழும்பு ஒபிஸின் கட்டளை. நம்முடைய சின்னத்தொரை கட்டளையை மீறாதவர். சேமித்து, இடத்தையும் ஒபிஸுக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். எங்கே? அதே லெப்டொப்பில், பூட்டின டிஸ்க்குக்குள்ளே. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தின கதை. நான் சரியாகத்தான் கேட்கிறேனா என்று இரண்டாம் முறையும் கேட்டேன். கொழும்புக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"பயப்படாதீங்க மிஸ், சாவி ரொம்பப் பத்திரமா இருக்கு. பாஸ்வேர்ட் இல்லாம யாராலயும் அதை எடுக்க முடியாது."

மலைக்கு மலை

இனி ஒரே வழி, போன சின்னத்தொரையைப் பிடிப்பது. செல்வமணி வந்த நாளிலிருந்தே ரப்பர் தோட்டத்துக்குப் போன் போட்டால் மணி அடிக்கும், ஆள் வராது. அப்படியே வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. லெப்டொப்பை நானே கொண்டுபோய்த் தோட்டத்திலேயே விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று கொழும்புக்குச் சொல்லிவிட்டு, வட்டகொடைக்கு ரயில் ஏறினேன். மனசுக்குள் விண்டோஸ் போடுகிற எண்ணம் துளியும் இல்லை.

தோட்டத்து ஒபிஸ் பள்ளத்தில் இருக்கிறது. மழையில் போன் கம்பி அறுந்து கிடந்தது. மொபைலுக்கு சிக்னல் வருகிற ஒரே இடம் மலை உச்சியில் ஒரு பாறை. கிளாக்கர் மூச்சு வாங்க அங்கே ஏறினார், ஏனென்றால் பழைய சின்னத்தொரை அவர் குரலைத் தவிர வேறு யாரையும் நம்பமாட்டார். அன்றைக்கென்று அவரும் போனை எடுத்துவிட்டார்! பெற்றரி செத்த பெட்டியை நான் மேலே கொண்டுபோக முடியாது. அதனால் கீழே ஒபிஸில் அதைச் சுவரோடு மாட்டிக்கொண்டு, கிளாக்கர் பாஸ்வேர்டை எழுதிக்கொண்டு இறங்கி வருவார் என்று காத்திருந்தேன். மலையகத்தில் இருந்துகொண்டு நான் அப்படி நினைத்தது தப்பு. கத்தினால் போகிற இடத்துக்கு யாராவது நடப்பார்களா?

முதலில் உச்சியில் ஒரு கூக்குரல். பிறகு நடு மலையில் கங்காணி அதை வாங்கிக் கத்தினார். அவருக்குக் கீழே தேயிலை நிரையில் நின்ற பொம்பளைகள் வாங்கினார்கள். கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற புள்ளமடுவத்துக்கு வெளியே நின்று பிள்ளை பார்க்கிற அம்மா வாங்கினார். ஒபிஸ் வாசலில் நின்ற காவல்காரர் என்னிடம் சேர்த்தார். "பெரிய ஆர்! சின்ன ஓ!" ஒவ்வொரு எழுத்தாக இறங்கி வந்தது. நடுவில், "பெருசுன்னா எம்புட்டுப் பெருசு?" என்று ஒரு கேள்வி கீழேயிருந்து மேலே ஏறிப் போனது. அதற்குப் பதிலும் மேலேயிருந்து கீழே வந்தது. இலக்கங்கள் வந்தபோது மலை முழுக்க ஒரே குரலில் சொன்னது. மூன்று தரம் பிழையானால் ஒரு மணித்தியாலம் போய்விடும், கொழும்புக்காரர்கள் வேறு அன்றைக்கே வேலை முடிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கடைசி எழுத்தையும் அடித்து, மாதாவே என்று என்டரைத் தட்டினேன். முதல் தரத்திலேயே திறந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கிளாக்கர் வழுக்கி வழுக்கி இறங்கி வந்தார், கதவைச் சாத்தினார், என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சின்னத்தொர திரும்பத் திரும்பச் சொன்னாரு மிஸ். நானும் சத்தியம் பண்ணிட்டேன்."

பிளாஸ்க்

நிரையில் நின்று பாஸ்வேர்ட் கத்தினவர்களில் செல்வமணியும் ஒருத்தி. கூடையோடேயே ஓடி வந்துவிட்டாள். இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்கைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றாள். பக்கத்து அறையில் பெரிய தொரை இருந்தார், கதவு பாதி திறந்து கிடந்தது. நான் அவளைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

படங்களைத் திறந்தேன். சின்னத்தொரையின் நாய். புதுசாக வெட்டின தண்ணிக் கான். மறுபடி நாய். புதுக் கூரைத் தகரம். நாய் தூங்குகிறது. நாய் எழும்புகிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஒரு நாய்க்கு இத்தனை படமா என்று. அதற்குப் பிறகு வந்தது அது. பெரிய தொரை, நல்ல வெளிச்சம், பல் தெரியச் சிரிப்பு, மீசையில் ஒவ்வொரு மயிரும் தெளிவு. அவருக்கு முன்னால், இரண்டு கையாலும் சிவப்புப் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஒரு மனுஷி. நரைத்த வகிடு, மூக்குத்தி, மோவாயின் ஓரம். அவ்வளவுதான். முகமே இல்லை. தொரையின் முன்னால் நிமிர்ந்து நிற்கிற பழக்கம் அவருக்கு இருந்ததில்லை, பரிசு வாங்குகிற அன்றைக்கும் இருக்கவில்லை. முன்னும் பின்னும் தேடினேன். ஒரே ஒரு படம்தான். அதற்குப் பிறகு மறுபடியும் நாய்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டுத் திறந்தது இதற்கா? செல்வமணியின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கிளாக்கர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பரவால்ல புள்ள, தொரையும் சேந்து நிக்கிறாரு, அப்பிடியே பெருசாக்கி மாட்டலாம், கௌரவமா இருக்கும்" என்றார். செல்வமணி திரைக்குக் கிட்டப் போனாள். அந்த வகிட்டை விரலால் மெதுவாகத் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கிளாக்கர் பாதி திறந்த கதவைக் காட்டி உஷ் உஷ் என்று சைகை செய்தார். அவள் குரலைத் தணிக்கவே இல்லை.

"தொரைய வெட்டிருங்க மிஸ். அப்ப எங்கம்மா அவங்க பிளாஸ்க்கத்தான் குனிஞ்சு பாக்குறாங்கன்னு ஆயிரும்ல."

பாஸ்வேர்ட் சரியாக இருந்தால் டிஸ்க் திறக்கும் என்றுதான் நாம் கஸ்டமருக்கு உறுதி கொடுக்கலாம் தோழர்களே, உள்ளே இருக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார் என்று எந்தக் கடையிலும் கேரண்டி கொடுக்க முடியாது.